நீல அட்டை இல்லாதவருக்கு மின் அடையாளம் ஏது?

(காஜாங்கில் ஆற்றிய உரை)



சுவீடன் நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து வங்கிகள் கூட்டாக ஓர் அடையாள முறையை நடத்துகின்றன. பேங்க்ஐடி என்று பெயர். வரிக் கணக்கு காட்டுவது, பணம் அனுப்புவது எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் அதைப் பெற அந்நாட்டு அடையாள எண் வேண்டும். வங்கிக் கணக்கும் வேண்டும். இல்லாதவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

இங்கே வங்கிக்குப் பதில் அரசாங்கம் நடத்துகிறது. 2001-இல் மைகார்ட் வந்தது. 2023-இல் மைடிஜிட்டல் ஐடி பதிவு தொடங்கியது. பதிவிலாகாவில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். 2025 ஆகஸ்டில் 18 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 100 ரிங்கிட் மைகார்ட் வழியாகவே வந்தது. செப்டம்பர் இறுதியில் பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், அதற்கும் மைகார்ட்தான். அதே எண்ணெய்க் கடையில் சிவப்பு அட்டைக்காரர் முழு விலை கொடுக்கிறார். இந்த மண்ணிலேயே பிறந்து, பால்மரம் சீவி, தலை நரைத்தவர் அவர். அட்டையே இல்லாதவருக்கு வங்கிக் கணக்கும் இல்லை. சம்பளத்தைக் கையில் வாங்குகிறார். முதலாளி குறைத்துக் கொடுத்தாலும் கேட்க வழியில்லை.

இந்த நிலை எப்படி வருகிறது? வீட்டில் பிரசவம், பதியாத பிறப்பு, கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோன திருமணம். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால், பிள்ளைக்குத் தாயின் நிலைதான் கணக்கு. தாயிடம் பத்திரம் இல்லையென்றால், தகப்பனின் நீல அட்டையைக் காட்டிப் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்க முடியாது. பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோர் பின்னர் திருமணத்தைப் பதிந்தும், 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்று பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். திருமணத்தைப் பிள்ளை பிறக்கும் முன்பே பதியுங்கள். பிறப்பை 60 நாளுக்குள் பதியுங்கள். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பம் போடுங்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதன் வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. ஆகவே பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே போடுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வையுங்கள்; ரசீது கேளுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகை அல்ல. விண்ணப்பத்திற்குக் காலக்கெடு வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எல்லாம் கைப்பேசிக்குப் போனாலும் முகப்பை மூடாதீர்கள். நம் மக்கள் பல பேருக்கு இன்னும் முதல் தாளே கைக்கு வரவில்லை. அதைக் கொடுக்காமல் மின் அடையாளம் கொண்டுவந்தால், பழைய கதவுக்குப் புதுப் பூட்டு போடுவதாகத்தான் ஆகும்.