மூன்று கால்களில் எது எந்தக் கால்?

தொம்மலூரில் சொக்கநாதர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. போன நவராத்திரிக்கு அக்கா மகள் ஏழு படி கொலுவுக்கும் தானே விளக்கு கட்டினாள். படிக்கு மூன்று சிவப்பு எல்.இ.டி. ஆர்டுயினோ பலகை அவற்றை மாற்றி மாற்றி எரியவைக்கும்.

மூன்று எல்.இ.டி.க்கும் ஆளுக்கு 20 மில்லியாம்பியர் வேண்டும், மொத்தம் 60. அந்தப் பாரத்தைப் பலகையின் ஒரு முனை தாங்காது. அதனால் படிக்கு ஒரு பிசி547 டிரான்சிஸ்டர். முனை கொஞ்சம் மின்சாரத்தை பேஸ் காலில் கொடுத்தால் போதும், மீதியை டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

நான்காம் படி மட்டும் மங்கல். “எல்.இ.டி. போச்சு மாமா” என்றாள். மூன்றையும் மாற்றினாள். அப்படியே மங்கல்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியாக 150 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மூன்றும் ஒரே அளவில் மங்குகின்றன என்றால், கோளாறு மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான். பொதுவாக இருப்பது டிரான்சிஸ்டர்.

மல்டிமீட்டரை எடுத்தோம். பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.7 வோல்ட். சரியான அளவுதான், ஏமாற்றியதும் அதுதான். எல்.இ.டி.கள் வந்து சேரும், கலெக்டர் இருக்க வேண்டிய காலில் வைத்தால் 1.8 வோல்ட்! முழுதாகத் திறந்த டிரான்சிஸ்டரில் அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. பக்கத்துப் படியில் 0.1தான் காட்டியது.

நான்காம் படியின் டிரான்சிஸ்டரைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வழியே பார்த்தோம். எங்கள் சொக்கநாதர் கோயில் சுவரின் பழைய தமிழ்க் கல்வெட்டுக்கும் இப்படிச் சாய்ந்த வெளிச்சம்தான் வேண்டும். பிசி547 இல்லை, 3904 என்ற எண் தெரிந்தது. என் பழைய டப்பாவில் இரண்டு ரகமும் கலந்து கிடந்திருக்கின்றன. தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். நடுக்கால் ஒன்றே, ஓரக்கால்கள் இடம் மாறியவை. தலைகீழாக மாட்டினாலும் டிரான்சிஸ்டர் வேலை செய்யும், ஆனால் மின்சாரத்தைப் பெருக்கும் சக்தி மிகமிகக் குறைந்துவிடும். பேஸில் 0.7 வந்ததும் அதனால்தான்: பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே உள்ள சந்தியும் அதே அளவைத்தான் காட்டும்.

தட்டை முகத்தைத் திருப்பிச் செருகினாள். மீட்டர் 0.1-க்கு இறங்கியது, நான்காம் படி பளிச்சென்று எரிந்தது. பிறகு டப்பாவையே கவிழ்த்து, லென்ஸும் கையுமாக உட்கார்ந்து, ரகம் ரகமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். சுண்டலுக்கு அக்கா மூன்று தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.