இடையளவும் உணவளவும்



பெங்களூருவில் வாழும் தமிழர் பலர், நகரின் பழைய பேட்டைப் பகுதியில் ‘கரடிமனை’ என்னும் சொல்லைக் கேட்டு வியந்திருப்பர். கரடிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மற்போரும் உடற்பயிற்சியும் பயிலும் கூடத்தைக் கன்னட மக்கள் அவ்வாறு வழங்குவர். சித்திரை முழுமதி நாளில் நடைபெறும் கரகத் திருவிழாவில் வாளேந்தி வரும் வீரகுமாரர்கள் இத்தகைய கூடங்களில் பயிற்சி பெறும் வழக்கம் உண்டு. உடலைப் பேணுதல் இந்நகருக்கு நேற்று வந்த நாகரிகம் அன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இவ்வழக்கத்திற்குப் புது வடிவம் கொடுத்தவர் கே. வி. ஐயர். கோலார்ப் பகுதியைச் சேர்ந்த இவர் பெங்களூருவில் ‘ஹெர்குலிஸ்’ என்னும் பெயரால் உடற்பயிற்சிக் கூடம் அமைத்தார். எடை தூக்குதலோடு ஆசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் இணைத்துக் கற்பித்தார். தொலைவில் உள்ளவர்க்கு அஞ்சல் வழியாகவும் பாடம் அனுப்பினார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் இவரிடம் பயிற்சி பெற்றவரே. கன்னட இலக்கிய உலகம் இவரை ‘சாந்தலா’ என்னும் வரலாற்று நாவலின் ஆசிரியராகவும் அறியும். தசைநாரும் பேனாவும் ஒருவர் கையில் கூடுதல் அரிது! கிரேக்கச் சிலைகளை நினைவூட்டும் நிலையில் இவர் நிற்கும் பழைய புகைப்படங்களில், வயிற்றின் தசைகள் வரிவரியாகத் தெரிகின்றன. இந்நாளைய இளைஞர் ‘சிக்ஸ் பேக்’ என்று விரும்பிப் போற்றுவதும் அதனையே.

அவ்வரிகள் யாவை? வயிற்றின் நடுவே மார்பெலும்பின் அடியிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் நேர்த்தசை நம் எல்லோர்க்கும் உண்டு. அதன் குறுக்கே பெரும்பாலும் மூன்று நார்ப்பட்டைகள் ஓடுகின்றன. பட்டைகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும் பிறவியில் அமைவன; பயிற்சியினால் ஒன்றைக் கூட்டவும் இயலாது. பயிற்சி தசையைப் பருக்கச் செய்யும். அதன்மேல் படர்ந்த கொழுப்பை அகற்றாது. நாள்தோறும் நூறு முறை எழுந்து படுத்தாலும், வயிற்றுக் கொழுப்பு வயிற்றிலிருந்து மட்டும் கரைந்து போவதில்லை. உண்ணும் கலோரி செலவாகும் கலோரியினும் குறையும்போது, உடல் முழுவதிலும் உள்ள சேமிப்பிலிருந்து கொழுப்பு எடுக்கப்படுகிறது. எங்கே முதலில் குறையும் என்பது அவரவர் உடலமைப்பைப் பொறுத்தது. ஆகவே கூடத்தில் வளரும் தசையை வெளிக்காட்டும் பணி அடுக்களையினுடையது.

இனி, நம் உடலின் தனி இயல்பு ஒன்றைக் கூறவேண்டும். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் 2004-ஆம் ஆண்டில் தங்கள் உடல்களையே சான்றாக வைத்து ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவர்க்கும் உயரத்திற்கேற்ற எடைக் குறியீட்டெண் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆயினும் இலண்டன் மருத்துவரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, நம் நாட்டவர் உடலில் 21.2. மெலிந்த கைகால்கள், முன்தள்ளிய வயிறு. இத்தோற்றத்தை நாம் எத்தனை முறை கண்ணாடியில் கண்டிருக்கிறோம்! தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழகைக் கெடுக்கலாம். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து உள்ளே தங்கும் கொழுப்போ நீரிழிவையும் இதய நோயையும் அழைத்து வருவது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர் என மதிப்பிட்டது. வயிற்றுப் பருமன் உடையோர் நூற்றுக்கு 39.5 என்றும் கூறிற்று. இதனாலேயே, வரிகள் தெரிகின்றனவா என்று நோக்குவதினும் இடுப்புச் சுற்றளவை நோக்குதல் அறிவுடைமை என்பேன். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர் என்பது நம்மவர்க்கு வகுக்கப்பட்ட எல்லை. எடை குறையத் தொடங்கும்போது உள்ளே தங்கிய கொழுப்பு விரைந்து குறைவது நமக்கு வாய்த்த நற்பேறு. வரி தோன்றும் முன்னரே நன்மை தொடங்கிவிடுகிறது.

உணவுக்கு வருவோம். ஊர் விட்டு ஊர் வந்தவரின் நாள் எப்படிக் கழிகிறது? காலையில் வெண்ணெய் மிதக்கும் மசாலா தோசை, அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம், நண்பகலில் குவித்த சோறு, மாலையில் வடை, நெரிசலைக் கடந்து வீடு சேர்ந்தபின் இரவு பத்து மணிக்கு மீண்டும் சோறு. மாதாந்திர ஆய்வு எதுவும் வேண்டாமலே குறை விளங்குகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் முன்னெடுப்பில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு, இந்தியர் பெறும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாச்சத்திலிருந்தே வருகிறது எனக் காட்டியது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்டாலும், மாச்சத்தின் மொத்த அளவு குறையாவிடில் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அதன் மற்றொரு முடிவு.

கன்னட நாட்டில் குடியேறிய நாம் இதனை ஊன்றிக் கருதுதல் வேண்டும். நாம் களி என்பதை இவ்வூரார் ‘முத்தை’ என்பர். ராகி முத்தை உண்டால் தொப்பை கரையும் என்று சொல்வார் உளர். நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 320 கலோரி. அதே அளவு அரிசியில் 356. வேறுபாடு பெரிதன்று. ராகியின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது: நார்ச்சத்து அரிசியில் மூன்று கிராமளவே, ராகியிலோ பதினொன்று, சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஓர் உருண்டை பசியை நெடுநேரம் தாங்கும். ஆனால், ‘இது ராகிதானே’ என்று மூன்று உருண்டை உண்பவர்க்கு ராகி யாது செய்யும்?

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம் முன்னோர் வழக்கு. கொள்ளில் கொழுப்பை உருக்கும் மாயம் ஏதுமில்லை. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதமும், வயிற்றை நிறைக்கும் நாரும் உண்டு. இவ்வூர்ச் சந்தையில் ‘ஹுரளி’ என்று கேட்டால் அதுவே கிடைக்கும். எடை குறையும் காலத்தில் புரதம் போதாவிடில் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். பின்னர் வெளிக்காட்டுவதற்கு எஞ்சுவது எது? பயிற்சி செய்து எடை குறைப்போர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தகும். இரண்டு முட்டையில் பன்னிரண்டு கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் எட்டு, நூறு கிராம் பன்னீரில் பதினெட்டு, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் இருபத்தைந்து எனக் கணக்கிட்டுக் கொள்ளலாம். மீனும் கோழியும் உண்போர்க்கு இது எளிது. மார்கழி, தை மாதங்களில் பெங்களூருச் சந்தைகளை நிறைக்கும் அவரைக்கொட்டையை மரக்கறி உண்போர் விடலாகாது. தட்டில் முதலில் பாதியைக் காய்கறிக்கும், கால் பங்கைப் பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றுக்கும் ஒதுக்கி, எஞ்சிய காலில் சோற்றையோ களியையோ வைத்துப் பாருங்கள். சோற்றைத் துறக்கச் சொல்லவில்லை. இடம் மாற்றச் சொல்கிறேன்.

கண்ணுக்குப் படாமல் நுழைவன எண்ணெயும் சர்க்கரையும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. காபிக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என நான்கு காபி அருந்துபவர் நாளொன்றுக்கு 40 கிராம் சர்க்கரை உட்கொள்கிறார். 25 கிராமுக்குள் நிறுத்துமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. (அந்நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் பிறந்து 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அதுவும் நம்மைப் போல் புலம்பெயர்ந்ததே!) காபியை விடவேண்டியதில்லை, சர்க்கரையை வாரத்திற்கு அரைக்கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக் கொள்ளும்.

நாள்தோறும் 500 கலோரி குறைந்தால் வாரத்தில் ஏறத்தாழ அரைக்கிலோ குறையலாம். அதற்கு மேல் விரைதல் வேண்டாம். திரையில் தோன்றும் நடிகரின் வயிறு பெரும்பாலும் ஒருநாளுக்காகத் தண்ணீரையும் உப்பையும் அடக்கிக் காட்டப்படுவது. அதனை ஆண்டு முழுவதும் காக்க முயல்வது துன்பம். வரிகள் தெளிவாகத் தெரிய ஆண்களுக்குக் கொழுப்பு நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு அளவிற்கு இறங்கவேண்டும். பெண்கள் அத்தகைய மெலிவை நாடினால் மாதவிடாய் தடைப்படவும் கூடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆகாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரும். சிறுநீரக நோயுடையோர் புரதத்தைக் கூட்டுமுன்னும் அவ்வாறே கேட்டறிதல் வேண்டும்.

அளக்கும் முறையையும் கூறிவிடுகிறேன். தையற்காரர் கையாளும் நாடா போதும். காலையில் உண்ணுமுன் நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டபின் அளவைப் படித்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பதினைந்து நாள் கழித்து மீண்டும் அளந்தால் போதும்.