மறுபடியும் பரீட்சை எழுதும் பிள்ளை



ஆண்டுதோறும் மே மாதத்தில் தமிழகத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாளில், தேறிய பிள்ளைகளின் வீடுகளில் இனிப்பு வழங்கப்படுவதும், நிரம்ப மதிப்பெண் பெற்றவர்களை ஊரார் பாராட்டுவதும் நியாயமே. ஆனால் அதே தெருவில், அதே மாலையில், ஒரு பாடத்திலோ இரண்டு பாடங்களிலோ 35 என்னும் தேர்ச்சி எல்லையைத் தொடாமல் நின்றுவிட்ட பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாட்டுக்கும் வராமல் உட்கார்ந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைக்குச் சில வாரங்களுக்குள் துணைத் தேர்வு வருகிறது. தேறிய பாடங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை. தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேறினால், அதே ஆண்டிலேயே பதினோராம் வகுப்பில் சேரலாம். வழி இவ்வாறு திறந்திருந்தும், எழுத வேண்டிய பிள்ளையே எழுத மறுக்கிறதே, என்ன செய்வது என்று பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கேட்கிறார்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சிலர் எழுதப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலர் எழுதுவதாக ஒப்புக்கொண்டு, பணமும் கட்டி, புத்தகத்தை மட்டும் திறப்பதில்லை; சிறப்பு வகுப்புக்கென்று புறப்பட்டு வேறெங்கோ போய்விடுகிறார்கள். பெரியவர்கள் இதற்குச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயரிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. படிக்காமல் தவறியவன், படிக்கவில்லை, அதனால் போயிற்று என்று தன் மனத்துக்கும் பிறருக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரவு பகலாகப் படித்தும் தவறியவனுக்கோ, தனக்கு மூளையே இல்லை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் இருப்பதாகத் தோன்றுவதில்லை. பதினைந்து வயதில் அந்தத் தீர்ப்பைக் கேட்க எந்தப் பிள்ளை துணியும்? புத்தகத்தைத் திறவாமல் இருப்பது, எஞ்சியிருக்கும் சுயமரியாதையைக் காத்துக்கொள்ள அது செய்யும் பிரயத்தனம் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டாயக் கல்விக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, தமிழகத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கப்படுவதில்லை. அது நல்ல ஏற்பாடு. அதனால் பள்ளியை விட்டு ஓடாமல் நின்ற ஏழைக் குழந்தைகள் அநேகர். ஆயினும் அதன் விளைவாக, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தோல்வி என்னும் சொல் முதன்முதலாகக் காதில் விழுவது பத்தாம் வகுப்பில்தான். அதுவும் வீட்டார், உறவினர், அண்டை அயலார் அனைவரும் அறிய, ஒரே நாளில். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள், அடுத்த பரீட்சைக்குப் பெயரைப் பதிவு செய்ய, தவறிய பையன் தன் பழைய பள்ளிக்கூடத்துக்கே செல்ல வேண்டியிருக்கிறது. சீருடை அணிந்த இளைய மாணவர்கள் வேடிக்கை பார்க்க, சாதாரணச் சட்டையோடு அந்த வாசலைத் தாண்டுவது அவனுக்கு எத்தகைய வேதனை என்பதை, அந்த வாசலில் நின்று அவனை வரவேற்க வேண்டிய உபாத்தியாயர்கள் உணர்ந்தால், பாதிக் காரியம் நிறைவேறிவிடும். அன்று அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "வா, உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்" என்பதாக இருக்கட்டும்.

உபதேசத்தால் இங்கே பிரயோஜனம் இல்லை. எதிர்காலம் பாழாகிவிடும் என்பதை அந்தப் பிள்ளை நம்மைவிட நன்றாக அறியும். அந்தப் பயமே அதன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எஃப்.ஏ. என்னும் அக்காலக் கல்லூரிப் பரீட்சையில் தவறிய சீனிவாச ராமானுஜன் உலகப் புகழ் பெற்ற கணித மேதையானார் என்று எடுத்துக்காட்டுவதும் வழக்கம். அவரிடம் எனக்குள்ள பக்தி பெரிது. ஆனால் கணக்கில் 22 வாங்கியிருக்கும் பையனுக்கு அந்தச் சரித்திரம் தைரியம் தருவதில்லை, தூரத்தையே காட்டுகிறது. சென்ற ஆண்டு இதே துணைத் தேர்வை எழுதித் தேறி, இப்போது பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ படிக்கும் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவனை அழைத்து வந்து அரைமணி நேரம் பேசவிடுங்கள். அவன் சொல் மேதையின் சரித்திரத்தைவிட ஆழமாகச் செல்லும்.

அதற்குப் பின் செய்ய வேண்டியது, தவறிய பையனின் பயத்தை மதிப்பெண்களாக எண்ணிக் காட்டுவது. கணக்கையே எடுத்துக்கொள்வோம். இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தும், ஐந்து மதிப்பெண் வினாக்கள் பத்தும் எழுத வேண்டும். இறுதியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா எட்டு மதிப்பெண். இந்தக் கடைசி இரண்டுக்கும் மட்டும் 16. வடிவொத்த முக்கோணம் வரைவதற்கும், வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதற்கும் வேண்டியவை கவராயமும் அளவுகோலும் நிதானமான கையுமே. நாளுக்கு இரண்டு வரைந்து பழகினால், சூத்திரங்களைக் கண்டு நடுங்கும் பையனும் சில நாட்களில் தேர்ந்துவிடுகிறான். வரைந்த படம் சரியா தவறா என்று சொல்ல உபாத்தியாயர்கூட வேண்டியதில்லை. கோடு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருப்பதை அவன் கண்ணே காண்கிறது. பல மாதங்களாகத் தன்னால் எதுவும் ஆகாது என்று நம்பியிருந்தவன், தானே தன் வேலையைச் சரி என்று அறியும் அந்தக் கணத்திற்கு ஈடாக எந்த ஊக்க உரையையும் நான் அறியேன். மார்ச்சில் எழுதிய அதே வினாத்தாளை அவன் முன் வைத்து, எவற்றை இன்றே செய்ய முடியும், எவற்றை இரண்டு வாரத்தில் கற்க முடியும் என்று அவனையே குறிக்கச் சொன்னால், 35 என்பது எட்டாத மலையாகத் தோன்றாது.

நாம் செய்யும் பெரிய பிழை, சிறப்பு வகுப்பை மறுபடியும் முதல் பாடமாகிய உறவுகளும் சார்புகளும் என்பதிலிருந்து தொடங்குவது. அதே வரிசை, அதே வேகம், அதே கரும்பலகை. ஜூன் மாதத்தில் அவன் காண்பது, சென்ற ஆண்டு தான் தோற்ற அதே காட்சியை. அவனால் முடிந்த இடத்திலிருந்து தொடங்கி, பழைய ஓட்டைகளை வழியில் அடைப்பதே உசிதம். இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்துக்கு அட்டவணை எழுதும்போது, மைனஸ் மூன்றின் வர்க்கத்தை மைனஸ் ஒன்பது என்று எழுதிவிடுகிறான். புள்ளிகள் இடம் மாறி வளைவரை சிதைந்து போகிறது. அந்தத் தவறு பத்தாம் வகுப்பில் பிறந்ததன்று; குறை எண்களைப் பெருக்கக் கற்ற சின்ன வகுப்பிலேயே புரியாமல் போனது; கேட்டால் சிரிப்பார்கள் என்று ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருக்கிறான். அதை அவனுக்குத் தனியாக, பிறர் காணாதபடி, பத்து நிமிஷத்தில் விளங்க வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் தவறியவர்களுக்கும் இதுவே முறை. மனப்பாடப் பாடலும் பழகிய பகுதிகளும் முதலில், இலக்கணம் பின்பு.

இனி, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்ட பையன்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, இருசக்கர வாகனப் பட்டறையிலோ உழைத்து வீட்டுக்குப் பணம் கொடுப்பவனிடம், அவன் வேலையை இழிவாகப் பேசிப் பரீட்சைக்கு அழைத்தால் அவன் வரமாட்டான், வரவும் கூடாது. அவன் உழைப்பை மதித்து, உண்மையை மட்டும் சொல்லுங்கள். பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட் எடுத்தால், வளைகுடா நாடுகள் போன்ற சில தேசங்களுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வு அனுமதி தனியே பெற வேண்டியிருக்கும். தேறியவனுக்கு அந்தத் தடை இல்லை. மூன்றாண்டு டிப்ளமோவுக்கும், அரசாங்கத்தின் குரூப் 4 தேர்வுக்கும் இந்தச் சான்றிதழே வாசல்.

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். ஒரு பாடத்தில் தவறியவுடன், படித்தது போதும் என்று சொல்லக் காத்திருக்கும் உறவினர்கள் வந்துவிடுகிறார்கள். வரன் பார்க்கும் பேச்சும் எழுந்துவிடுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பதைத் தெரிந்தும் பேசுகிறார்கள். அந்தப் பெண் எழுத விருப்பமின்றி இருப்பதாக வீட்டார் சொன்னால் நம்பிவிடாதீர்கள். வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில் விழுந்திருக்கலாம், வகுப்புக்கும் தேர்வு மையத்துக்கும் துணைக்கு வர ஆளில்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று முன்வந்தாலே அவள் எழுதிவிடுவாள்.

முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது; வீடுகளிலும் அதைக் கைவிடும்படி பெற்றோர்களை வேண்டிக்கொள்கிறேன். சித்தப்பா மகனின் மதிப்பெண்ணைச் சொல்லி இந்தப் பிள்ளையைத் திருத்த முயல வேண்டாம். இம்முறையும் தவறினால் மறுபடி எழுதலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதனால் சிரத்தை குறைவதில்லை, பயம் குறைகிறது.

இந்த உரையைக் கேட்கும் நேயர்களே, உங்கள் தெருவிலும் அத்தகைய பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். எத்தனை மதிப்பெண் என்று கேளாமல், எந்தப் பாடம் என்று கேளுங்கள். வினாத்தாளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அருகில் உட்காருங்கள். துணைத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்யும் காலம் சில நாட்களே. ஆகையால் நாளைக்கே போய் விசாரியுங்கள்.