கால்பணமும் கண்ணீரும்



இந்தப் பரிசளிப்பு விழாவுக்காக 'கலை, மனம், அறம்' என்று தலைப்புக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரைகளை என் கையில் திணித்து, 'ஐயா, பாராட்டி நாலு வார்த்தை' என்றார்கள். பாராட்டத்தான் வந்தேன். ஒரு தங்கை எழுதிய இரண்டு பக்கம் என் பேச்சையே கெடுத்துவிட்டது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா என்றால் அரிச்சந்திரன் நாடகம் இல்லாமல் முடியுமா? மயான காண்டம் வரும்போது விடியப் போகும். ஆர்மோனியம் அழும். பாம்பு தீண்டிச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருவாள். சுடுகாட்டில் காவல் நிற்கும் ராஜா அரிச்சந்திரன், தான் பெற்ற பிள்ளை என்று தெரியாமல், 'கால்பணம் எங்கே? முழத்துண்டு எங்கே? வாய்க்கரிசி எங்கே?' என்று கூலி கேட்டு மறிப்பான். அவள் கழுத்துத் தாலி கணவனான அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். முந்தானையால் மூக்கைத் துடைக்காத தாய் உண்டா அங்கே? கடைசி வரிசையில் கைகட்டி நிற்கிற மீசைக்காரர்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்வார்!

இந்தத் தங்கையின் அப்பத்தாவும் வருஷா வருஷம் அழுகிறவர்தானாம். அதே அப்பத்தா, ஊரில் பிணம் எரிக்கிறவர் கூலி வாங்க வந்தால், 'அங்கேயே நில்லு' என்று வாசலுக்கு வெளியே காசை வைப்பாராம். தங்கை கேட்கிறாள்: 'ராஜா சுடுகாட்டில் நின்றால் அழுகிறோம். எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் நிற்கிறவர் ஒருநாளும் ராஜாவாக இருந்ததில்லை. அதனால்தான் அவருக்காக யாரும் அழவில்லையா?' (நீண்ட கைதட்டல்)

கைதட்டாதீர்கள்! அடி விழுந்தது நமக்கு. அடி வாங்கியவன் கைதட்டுவானா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடு சொன்னார். அழுகைக்கு நாலு காரணம் வைத்தார். இழவு அதில் ஒன்று. இளிவு ஒன்று, இழிவுபடுவது. அசைவு ஒன்று, நல்ல நிலை கெட்டுப்போவது. வறுமை ஒன்று. அரிச்சந்திரனிடம் நாலும் இருக்கிறது, நாலுக்கும் அழுகிறோம். சுடுகாட்டுத் தொழிலாளியிடம் இளிவு இல்லையா? வறுமை இல்லையா? நம் கண்ணீர் டிக்கெட் வாங்கிய இடத்தில் மட்டும்தான் வருமா?

உளவியல் படிக்கிற ஒரு தம்பி அமெரிக்காவுக்கே போய்விட்டார், கட்டுரையில்! யேல் பல்கலைக்கழகம், 1961, ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை. அடுத்த அறையில் இருப்பவன் தப்பாகப் பதில் சொன்னால் விசையை அழுத்தி ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் வோல்ட் ஏறும். அவன் சுவரை இடிப்பான். அழுத்துகிறவர் திரும்பிப் பார்த்தால், மேலங்கி போட்ட ஒருவர், 'தொடருங்கள்' என்பார். மின்சாரமும் பொய், சுவரை இடித்தவனும் நடிகன். அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை, 450 வோல்ட் வரை போனார்கள்!

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்கிறீர்களா? வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். நெஞ்சில் ஈரம் இருந்தது ஐயா! ஈரம் இருந்தும் விரல் நிற்கவில்லை. உருகுவது வேறு, நிறுத்துவது வேறு. அப்பத்தாவுக்கும் யேல்காரனுக்கும் ஒரே நோய்! (கைதட்டல்)

ஆனால் சிலருக்கு நாடகம் என்ற மருந்து வேலை செய்திருக்கிறது. ராஜ்கோட்டில் ஒரு பையன் இதே அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது என்று தன்னையே கேட்டான். மற்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவன் கேள்வியை எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பையன்தான் மோகன்தாஸ் காந்தி.

இதையெல்லாம் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சிலர் மேடைக்கு மேடை, 'இந்தத் தலைமுறை ரீல்ஸ் பார்த்தே கெட்டது' என்று முழங்குகிறார்கள். யாரென்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். (சிரிப்பு) அந்த முழக்கத்தை வெட்டி ஒட்டி ரீல்ஸ் போடுவதற்கு அவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்களே, அது எந்தத் தலைமுறையில் சேர்த்தி? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) லைக் குறைந்தால் ராத்திரி தூக்கம் வராதாம்! பண்பாட்டுக் காவலர்களாம்! மைக்செட் தம்பி சிரிக்கிறார் பாருங்கள், அவருக்கு எல்லாம் தெரியும்!

அவைத்தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். படிக்காமலே பையில் போட்டுக்கொள்கிறேன். (சிரிப்பு) ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன். எந்த மேடைக்குப் போனாலும் அவர் என்னோடு ஏறி வந்துவிடுகிறார்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய சென்னைக் கடற்கரையில், 1959இல் அதை நிறுத்தினார்கள். நாலு பேர், ஒரு பாறை, நெம்புகோல், புடைத்த நரம்பு. வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929இல் சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வரான முதல் இந்தியர். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கும், இருக்கட்டும். ஆனால் அந்த உடம்பு யாருடையது? அந்தக் கல்லூரியில் இரவுக்காவல் பார்த்த ஒருவர் மாடலாக நின்றார் என்று சொல்வார்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர், பகலில் அசையாமல் நின்று கொடுத்த முதுகு ஐயா அது! அவர் பெயர் தெரிந்தவர்கள் கைதூக்குங்கள். எங்கே, ஒரு கை? பேராசிரியர்கள் பக்கம்? (அமைதி)

நானும் சொல்லப் போவதில்லை. சொன்னால் கைதட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். தேடிப் போங்கள். சிலையோடு செல்ஃபி எடுக்கிற நமக்கு, சிலையாக நின்றவரைத் தேட ஒருநாள் கிடைக்காதா?

கட்டுரைக்குப் பரிசு கொடுப்பதோடு தீர்ந்துவிடுமா நம் கடமை? பரிசளிப்பு மேடையில் எங்களைப் போன்ற பேச்சாளர்களுக்குத்தான் சால்வை விழுகிறது. அடுத்த ஆண்டு இந்த விழாவுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். இந்த ஊர் மயானத்தில் வேலை பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். இந்த நாற்காலியிலேயே உட்காரவையுங்கள், இந்தச் சால்வையையே போடுங்கள், மைக்கைக் கொடுங்கள். முழத்துண்டு அவருக்கு நாம் கொடுக்கவேண்டிய பாக்கி! அவர் என்ன சொல்கிறாரோ, அதைத் தங்கையும் அப்பத்தாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். பஸ் காசு போட்டு நானும் வருகிறேன்.