மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தம், இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று உங்களை மிகிந்தலை மலைக்கு அழைத்துப் போகப் போகிறேன்.

அநுராதபுரத்துக்குக் கிழக்கே சமதரையிலிருந்து எழும் குன்றுகளே மிகிந்தலை. உச்சிக்கு ஏறும் கற்படிகள் 1840 என்பார்கள். அந்தப் படிகளை நோக்கி விரைபவர்களில் பலர் அடிவாரத்தில் கிடக்கும் இடிபாடொன்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நடுவில் முற்றம், சுற்றிவரச் சிறு அறைகள், மருந்து தயாரிக்கவும் குளிக்கவும் தனியிடங்கள். அது 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் கட்டுவித்த வைத்தியசாலை.

எங்கள் வகுப்பினர் படித்த காலத்தில் பாதை மூடியிருந்தது. மிகிந்தலை எங்களுக்குப் புத்தகத்தில் இருந்த படம் மட்டுமே. முதலாம் சேனன் காலத்தில் பாண்டியர் அநுராதபுரத்தைச் சூறையாடினர், இரண்டாம் சேனன் மதுரைக்குப் படை அனுப்பினான் என்று பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். அதே சேனன் நோயாளருக்கு இடம் கட்டினான் என்பது எங்கள் மனதில் பதியவில்லை.

அங்கே ஒரு கல்தொட்டி இருக்கிறது. சிங்களத்தில் அதை மருந்து ஓடம் என்கிறார்கள். ஒரே கல்லில், தலையும் தோளும் காலும் பொருந்த, மனித உடலின் வடிவில் குடைந்திருக்கிறார்கள். நோயாளியைக் கிடத்தி, மூலிகை எண்ணெயிலோ கசாயத்திலோ ஊறவைக்க அது பயன்பட்டது. அதன் அருகில் நின்றபோது எனக்கு மன்னன் நினைவுக்கு வரவில்லை. எழும்ப முடியாத ஒருவரைத் தூக்கி அதற்குள் இறக்கக் குறைந்தது இருவர் வேண்டும். மருந்தைக் காய்ச்ச ஒருவர், பின்னர் தொட்டியைக் கழுவ ஒருவர். விடுதியில் வேலை செய்த எவருக்கும் இது விளங்கும். அவர்கள் எவருடைய பெயரும் எமக்குத் தெரியாது.

ஆனால் அப்படிப்பட்டவர்களை எண்ணிப் பார்த்த கல்வெட்டு அதே மலையில் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் நாட்டிய இரு பெரும் பலகைக் கற்கள் அவை. விகாரையில் பணிபுரிந்தோரின் கடமை என்ன, அவர்களுக்குரிய நெல்லும் நிலமும் எவ்வளவு, கணக்கை எப்படி எழுதி ஒப்புவிக்க வேண்டும் என்றெல்லாம் அவற்றில் வெட்டியிருக்கிறது. இன்றைக்கும் ஒரு வைத்தியசாலை நடப்பது இவற்றால்தான்: வேலைக்கு ஆள், ஆளுக்குச் சம்பளம், ஒழுங்கான கணக்கு.

போருக்குள் வளர்ந்த எங்களுக்கு, மன்னர்களின் போர்களை எங்கள் பக்கம், அவர்கள் பக்கம் என்று பிரித்துப் படிப்பது பழகிப்போனது. அந்தத் தொட்டியைப் பிரிக்க எனக்கு முடியவில்லை. நோவுக்குப் பக்கம் கிடையாது. அதைத் தணிக்கக் கற்றவர்களின் பரம்பரையில் நானும் ஒருத்தி. ஆகவே அந்த இடிபாடு எனக்கும் உரியது, உங்களுக்கும் உரியது.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் தோழிகளே, கண்டி வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது மிகிந்தலையைக் கடந்துதான் போவீர்கள். பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இறங்குங்கள். வெயில் ஏறுமுன் போங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். முழங்கால் நோவுள்ள அக்காமாருக்கு ஒரு நற்செய்தி: வைத்தியசாலை அடிவாரத்தில்தான் இருக்கிறது, படி ஏறத் தேவையில்லை.