பதின்மூன்றாம் எண் வீடு எங்கே?

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாடு தயார் என்று சமையல்காரர் சைகை காட்டுகிறார். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

நம் வளாகத்தின் நான்கு பிளாக்கிலும் 13-ஆம் எண் வீடு கிடையாது. 12, 12ஏ, 14 என்று போகும். பில்டர் வைத்த ஏற்பாடு இது. நான் குடியிருப்பது பி பிளாக் 12ஏ. எண்ணிப் பார்த்தால் அது பதின்மூன்றாவது வீடுதான்.

எண்ணைக் கண்டு பயப்படுவது உலகம் முழுக்க உண்டு. ஆனால் பயப்படும் எண் ஊருக்கு ஊர் வேறு. சீன மொழியில் 'நான்கு' என்ற சொல்லும் 'சாவு' என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் மாறும். அதனால் ஹாங்காங்கில் பல கட்டடங்களில் 4, 14, 24-ஆம் மாடிகள் இல்லை. ஜப்பானியரும் கொரியரும் சீன எண்ணுச் சொற்களை எடுத்துக்கொண்டபோது இந்தப் பயமும் கூடவே வந்துவிட்டது.

அதே சீனர்களுக்கு 8 அதிர்ஷ்ட எண். அதன் ஒலி 'செல்வம் பெருகுதல்' என்ற சொல்லை நினைவூட்டும். பெய்ஜிங் ஒலிம்பிக் 2008 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கியது. நம் ஊரிலோ எண் கணிதத்தில் 8 சனியின் எண். வண்டி நம்பரின் கூட்டுத்தொகை 8 வந்தால் வேறு நம்பர் தேடுகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம்!

இத்தாலியர்களுக்கு ஆகாத எண் 17. அதை எழுதும் நான்கு ரோமன் எழுத்துகளை இடம் மாற்றினால் 'வாழ்ந்துவிட்டேன்' என்ற லத்தீன் சொல் வரும். வாழ்ந்து முடித்துவிட்டேன், அதாவது கதை முடிந்தது என்று பொருள். ஆனால் 13 அங்கே பலருக்கு நல்ல எண். கால்பந்துப் பந்தயச் சீட்டில் 13 ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொன்னவருக்கே பெரிய பரிசு என்பது பல ஆண்டுகள் இருந்த வழக்கம்.

மற்ற மேற்கு நாடுகளில் 13-க்குக் கெட்ட பெயர் வந்ததற்குப் பலரும் சொல்லும் காரணம், இயேசுவின் கடைசி இரவு விருந்தில் 13 பேர் அமர்ந்திருந்தார்கள் என்பது. ஆக, ஓரிடத்தில் ஒலி, ஓரிடத்தில் எழுத்து, ஓரிடத்தில் கதை. எண் தானாக எந்தப் பாவமும் செய்யவில்லை.

நம் பாட்டிமார் அஷ்டமி, நவமி என்றால் நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் பதின்மூன்றாவது திதியான திரயோதசியைப் பார்த்து யாராவது பயந்தார்களா? பிரதோஷம் வருவதே அன்றைக்குத்தான். நமக்குச் சொந்தமே இல்லாத ஒரு பயத்தைப் பில்டர் நம் கதவில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போகட்டும், இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸை அழைத்து, "பி பிளாக், 12ஏ" என்றேன். பதற்றத்தில் நான் சொன்னது அவர்களுக்கு "ஏ பிளாக் 12" என்று கேட்டிருக்கிறது. ஸ்ட்ரெச்சரோடு அங்கே போய் மணி அடித்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா பாவம், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வழி காட்டியிருக்கிறார். ஏழெட்டு நிமிடம் போய்விட்டது. கையில் ஆக்சிஜன் இல்லாமல் வாசலில் நின்றவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு நேரம் என்று. கடவுள் புண்ணியத்தில் இன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, "போதும், முடியுங்கள்" என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

கனடாவின் வான்கூவர் நகரில் பல கட்டடங்கள் 4-ஐயும் 13-ஐயும் விட்டுவிட்டு மாடிகளுக்கு எண் போட்டு வந்தன. அவசர காலத்தில் தீயணைப்பு வீரர்கள் குழம்புவார்கள் என்பதால், புதுக் கட்டடங்களில் எந்த எண்ணையும் விடக்கூடாது என்று 2015-இல் அந்த நகராட்சி சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 13-ஆம் செக்டரே இல்லாமல் திட்டமிடப்பட்ட நகரம் சண்டிகர். அங்கும் 2020-இல் மணிமாஜ்ரா பகுதிக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பெயின்ட் வேலை முடிந்ததும் எல்லாக் கதவுகளுக்கும் புதுப் பலகை வரப்போகிறது. என் வேண்டுகோள் இதுதான்: 12ஏ வீடுகளின் பலகையில் '13' என்று பெரிதாகவும், கீழே 'பழைய எண் 12ஏ' என்று சிறியதாகவும் எழுதுவோம். வாயிற்காவலர் அறையில் இருக்கும் பட்டியலிலும் அப்படியே இருக்கட்டும். பத்திரத்தையோ ஆதாரையோ இப்போது மாற்ற வேண்டியதில்லை.

மற்ற மூன்று 12ஏ வீட்டுக்காரர்களையும் நேரில் வந்து பார்க்கிறேன். மனம் ஒப்பாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நம்பிக்கை அவரவர் விருப்பம். என் வீட்டுக்கு மட்டும் கமிட்டி இப்போதே அனுமதி கொடுத்தால் போதும். பிரதோஷத்தன்று, திரயோதசி திதியில் பலகையை மாட்டிவிடுகிறேன்.

சாப்பிடப் போகலாம்.