காதோரம் ஒரு பிளாஸ்திரி

மலைப்பாதை பஸ்ஸில் ஏறும்போதே சிலர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். வாந்தி தொடங்கியபின் மாத்திரை போட்டால் அதுவும் சேர்ந்தல்லவா வெளியே வந்துவிடும்!

1979-இல் அமெரிக்காவில் இதற்கொரு வழி வந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன பிளாஸ்திரி. ஸ்கோபோலமைன் என்ற மருந்து அதிலிருந்து மூன்று நாள் தோல் வழியே ரத்தத்தில் சேரும். மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நடுவிலுள்ள மெல்லிய பாலிமர் படலம்.

இந்தப் படல வித்தைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கம். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய டாக்டர் ஜூடா ஃபோக்மனும் டேவிட் லாங்கும் சிலிகோன் ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை எதுவும் இல்லாத அந்த ரப்பரைத் தாண்டிச் சில சாயங்கள் கசிந்தன, சில கசியவில்லை. எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் ரப்பருக்குள்ளேயே கரைந்து, அதன் சங்கிலிகளுக்கு நடுவே நெளிந்து, மறுபக்கம் வருகிறது. தண்ணீரோடு ஒட்டும் பொருளை ரப்பர் சேர்ப்பதில்லை. ஆக, இது சல்லடை வேலை இல்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகிறதா என்ற சம்பந்தி விவகாரம்!

படலம் தடித்தால் மருந்து மெதுவாக வரும். சூடு பட்டால் வேகமெடுக்கும். அதனால்தான் மருந்துப் பிளாஸ்திரி மேல் வெந்நீர்ப்பை வைக்கக் கூடாது என்கிறார்கள்.

காதோரம் ஒட்டியவர்கள் உடனே கையையும் கழுவ வேண்டும். அதே விரலால் கண்ணைக் கசக்கினால் கண்பாவை விரிந்து, பார்வை மங்கிவிடும்.